பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டியில் என் பெரியப்பா வீட்டில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. 2011-இல் வாங்கியது. விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். பெரியப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்கள் குடும்ப வரலாற்றை மூன்று தலைமுறைக்குத் தேடித் தேடி எழுதி, அதில்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பொங்கலுக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவியதும், "தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன், ஒரு மாசமா படுத்துது" என்றார். பிரவுசரைத் திறந்தால் மேலே மூன்று டூல்பார்கள், வலது மூலையில் விடாமல் எச்சரிக்கைகள், கெடு முடிந்துபோன இரண்டு ஆன்டிவைரஸ்கள். பென் டிரைவைச் செருகினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகிவிடும். சரிசெய்ய இரண்டு நாள் ஆனது.

அதற்குப் பிறகு சித்தி வீடு, மனைவியின் மாமா வீடு, நண்பர்களின் பெற்றோர் வீடு என்று பல கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு என் பதில்கள் இவை. வைரஸ், வார்ம், ட்ரோஜன், விளம்பர மென்பொருள் எல்லாவற்றையும் வீட்டில் 'வைரஸ்' என்றே சொல்கிறோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது. வைரஸ்தானா?

இருக்கலாம். ஆனால் அப்படி முடிவு செய்வதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது ஹார்டு டிஸ்க். பத்து வருஷம் ஓடிய டிஸ்க் பழுதாகும்போது வரும் அறிகுறிகள் வைரஸின் அறிகுறிகள் போலவே இருக்கும். ஃபோல்டர் திறக்க ஒரு நிமிஷம் ஆகும், திரை அப்படியே உறைந்து நிற்கும், சில ஃபைல்கள் திறக்காது. சிபியு பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் வைரஸ் தேடுவதை விட்டுவிட்டு ஃபைல்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்குங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பைப் படித்துக் காட்டும்.

இரண்டாவது, தேதி. மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அதன் பெயர் சிஆர்2032. அது தீர்ந்துபோனால், கரன்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் வங்கி, மின்னஞ்சல் என்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் எச்சரிக்கும். சித்தி வீட்டில் இதைத்தான் ஆறு மாதமாக வைரஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடையிலோ வாட்ச் கடையிலோ கிடைக்கும் ஒரு பேட்டரியில் தீர்ந்துபோகிற விஷயம் அது.

மூன்றாவது, இரண்டு ஆன்டிவைரஸ்கள். ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து அதைச் சோதிக்கும். 2 ஜிபி ராம் அதைத் தாங்காது.

நான்காவது, வலது மூலையில் வரும் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்' மாதிரியான செய்திகள். இவற்றில் பெரும்பகுதி வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் 'அறிவிப்புகளை அனுமதிக்கவா?' என்று கேட்டபோது யாரோ 'அனுமதி' என்று அழுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். குரோமின் அமைப்புகளில் தள அமைப்புகளுக்குப் போய், அறிவிப்புகள் பகுதியில் தெரியாத தளங்களையெல்லாம் நீக்கினால் ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும்.

வைரஸ் என்று தெரிந்துவிட்டது. முதல் வேலை என்ன?

நெட் ஒயரைப் பிடுங்குங்கள். வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் மின்னஞ்சலையோ வங்கிக் கணக்கையோ திறக்காதீர்கள். 'ஒரே ஒரு ஃபைலை டவுன்லோடு பண்ண' என்றுகூட வேண்டாம். தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் வைரஸ் உள்ளே இருந்தால் உங்கள் பாஸ்வேர்டும் போய்விடும். உங்கள் வேலைக்கான பென் டிரைவையும் அதில் செருகாதீர்கள்.

அப்புறம், கம்ப்யூட்டரை மறந்துவிட்டு அவர்களோடு உட்காருங்கள். இதில் என்ன வைத்திருக்கிறீர்கள், எதைத் தினமும் பயன்படுத்துகிறீர்கள், எது போனால் வருத்தப்படுவீர்கள் என்று கேளுங்கள். பெரியப்பா முதலில் "ஒண்ணும் இல்லப்பா, சும்மா படம்தான்" என்றார். அரை மணி நேரம் பேசிய பிறகுதான் குடும்ப வரலாறு, பேத்தியின் முதல் பிறந்தநாள் வீடியோ, சங்கத்தின் கணக்கு வழக்கு, பென்ஷன் ஆவணங்களின் ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எதற்கும் இரண்டாவது பிரதி இல்லை.

ஆன்டிவைரஸ் ஓட்டுவதற்கு முன்பே காப்பி எடுக்கச் சொல்கிறீர்களே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கம்ப்யூட்டரை எப்போது வேண்டுமானாலும் சுத்தம் செய்யலாம். பேத்தியின் முதல் பிறந்தநாள் இன்னொரு முறை வராது.

முழு ஸ்கேன் என்பது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்கில் வாசிக்கும் வேலை. உயிரை விடப்போகும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி வேலையாகிவிடலாம். இன்னொன்று, ஸாலிட்டி, விருட் மாதிரியான வைரஸ்கள் தனி ஃபைலாக இருப்பதில்லை, மற்ற புரோகிராம் ஃபைல்களுக்குள் தங்களை எழுதிக்கொள்கின்றன. ஆன்டிவைரஸ் அவற்றை வெட்டி எடுக்கும்போது புரோகிராமே உடைந்து, அடுத்த முறை விண்டோஸ் எழும்பாமல் போவதும் உண்டு. காப்பி கையில் இருந்தால் எது நடந்தாலும் பதற்றம் இல்லை.

காப்பி எடுக்கும் விதம் முக்கியம். வைரஸ் இருக்கும் விண்டோஸை ஓடவிட்டு, அதில் பென் டிரைவைச் செருகினால் வைரஸும் சேர்ந்து ஏறிக்கொள்ளும். அதனால் விண்டோஸை எழுப்பவே கூடாது. நான் செய்வது இது. என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை எழுதி எடுத்துப் போவேன். எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பெரியப்பா கம்ப்யூட்டரில் அதைச் செருகி ஆன் செய்ததும் எஃப்12 தட்டினால் (சில மாடல்களில் எஃப்2, எஸ்கேப் அல்லது டெலிட்) எதிலிருந்து பூட் ஆக வேண்டும், அதாவது எழும்ப வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸ் திறந்துவிடும். நிறுவ வேண்டியதில்லை. 'இன்ஸ்டால்' என்று திரையில் இருக்கும் ஐகானை மட்டும் தொடாதீர்கள்.

விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் இங்கே வெறும் ஃபைல். அது ஓடாது. விண்டோஸில் வைரஸ் மறைத்து வைத்த ஃபோல்டர்களும் இங்கே பட்டவர்த்தனமாகத் தெரியும். டிஸ்க்கைத் திறந்து, வேண்டியதை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு இழுத்துப் போட வேண்டியதுதான். 2 ஜிபி ராமில் கொஞ்சம் நிதானமாகத்தான் நகரும், பொறுமையாக இருங்கள். விண்டோஸ் 8 அல்லது 10 இருந்த டிஸ்க் என்றால் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் அது திறக்கக்கூடும். பயப்பட வேண்டாம், நமக்குப் படித்தால் போதும்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், அப்புறம் டி டிரைவ் முழுவதும். நம் ஊரில் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுப்பவர்கள் டிஸ்க்கை சி, டி என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். நிறையப் பேர் முக்கியமானதை டி-யில்தான் வைத்திருப்பார்கள். சிலர் சி டிரைவின் வாசலிலேயே 'நியூ ஃபோல்டர் (3)' என்று போட்டு வைத்திருப்பார்கள். அதையும் பாருங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் வீடு என்றால் அதன் டேட்டா ஃபோல்டர். அவுட்லுக்கில் மின்னஞ்சல் பார்ப்பவர் என்றால் அதன் ஃபைல்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்துவிடுங்கள். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருக்களில், அதாவது வானவில், பாமினி, ஸ்ரீலிபி போன்றவற்றில் அடித்த பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒரு நண்பரின் அப்பா வீட்டில் இதை நான் மறந்துவிட்டேன். முந்நூறு பக்கம் பத்திரமாக இருந்தது, ஆனால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. வேர்டில் திறந்து எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் காட்டுகிறது என்று பார்த்து, அதைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகுதான் தமிழ் வந்தது. பெரியப்பாவின் குடும்ப வரலாறு வானவில்லில் இருந்தது. ஃபான்ட்டோடு எடுத்து வந்து, என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவசக் கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். இனி எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும் திறக்கும்.

எதை எடுக்கக் கூடாது?

புரோகிராம்களை. 'செட்டப்' என்று பெயர் உள்ளவை, இஎக்ஸ்இ என்று முடிபவை, காசு கட்டாமல் மென்பொருளை ஓட்ட வைக்கும் கிராக் ஃபோல்டர்கள், ஸ்கிரீன் சேவர்கள் எதுவும் வேண்டாம். மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம். படம், பாட்டு, வீடியோ, பிடிஎஃப், வேர்டு, எக்செல் போதும். எடுத்து வந்ததைப் புதுப்பிப்புகள் சரியாக உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரு முறை ஸ்கேன் செய்துவிடுங்கள். 'ஃபோட்டோ.ஜேபிஜி.இஎக்ஸ்இ' என்று இரட்டை வால் உள்ள எதையும் திறக்காதீர்கள். ஃபைலின் வால் தெரியும்படி விண்டோஸ் அமைப்பை மாற்றி வைத்தால்தான் இது கண்ணில் படும்.

பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. ஃபைல்கள் அழிந்துவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை. இந்த வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை வைக்கும். அதை நீங்கள் இரண்டு முறை கிளிக் செய்தால் வைரஸ் ஓடும், கூடவே ஃபோல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். மேலே சொன்ன லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும். காப்பி எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

எங்கிருந்து வந்தது என்று தேடினால் பல நேரம் விடை ஜெராக்ஸ் கடையில் முடியும். ஒரு நாளைக்கு நூறு பேரின் பென் டிரைவ் ஏறி இறங்கும் கம்ப்யூட்டர் அது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பிரின்ட் எடுக்க வேண்டியதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பென் டிரைவ்தான் வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு சின்ன டிரைவை ஒதுக்கி, அந்த ஒரு பிடிஎஃப்பை மட்டும் போட்டு எடுத்துப் போங்கள். திரும்பியதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள்.

எந்த மென்பொருளைக் கொண்டு சுத்தம் செய்வது?

விண்டோஸ் 10 என்றால் உள்ளேயே இருக்கும் டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேனில் தொடங்குங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ்களும் மாட்டும். பதினைந்து நிமிஷம் ஆகும். அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். இதை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி எடுத்துப் போகலாம், ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், அதனால் போவதற்கு முந்தைய நாள் இறக்குங்கள். டூல்பார், மாற்றப்பட்ட முகப்புப் பக்கம் போன்ற விளம்பரக் குப்பைக்கு மால்வேர்பைட்ஸின் அட்வ்கிளீனர் நன்றாக வேலை செய்யும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கும்.

கருவிகள் முடிந்த பிறகு கையால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்கள். ப்ராக்ஸி அமைப்பு (நெட் போக்குவரத்தை நடுவில் வேறொரு கம்ப்யூட்டர் வழியாகத் திருப்புவது). டிஎன்எஸ் முகவரி (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சேவையின் முகவரி). கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஓடுபவை; இதற்கு மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற கருவியைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததேதான் என்றால் அதையும் மாற்றுங்கள். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற வைரஸ் செய்தது இதைத்தான்: டிஎன்எஸ் முகவரியை மாற்றி, சரியான தளத்தின் பெயரை அடித்தாலும் வேறு இடத்துக்குக் கொண்டு போனது. அதன் பின்னால் இருந்த கும்பலை 2011 நவம்பரில் பிடித்தார்கள். அந்த உத்தி இன்னும் ஓடுகிறது.

'பிசி கிளீனர்', 'டிரைவர் அப்டேட்டர்', 'ரெஜிஸ்ட்ரி டாக்டர்' என்று விளம்பரத்தில் வருபவை வேண்டவே வேண்டாம். நான் பார்த்த பாதி வீடுகளில் அவையே நோயின் ஒரு பகுதி.

சுத்தம் செய்தால் போதுமா, ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

டூல்பாரும் அறிவிப்புகளும் மட்டும் என்றால் சுத்தம் செய்தால் போதும். ஸ்கேனில் ஸாலிட்டி, விருட், ராம்நிட் என்ற பெயர்கள் வந்தால் யோசிக்காமல் ஃபார்மட் செய்யுங்கள். இருக்கும் எல்லா புரோகிராம் ஃபைல்களையும் தொற்றிக்கொள்ளும் குடும்பம் அது. ஒன்று தப்பினால் மறுநாள் எல்லாம் திரும்ப வந்துவிடும். பாஸ்வேர்டு திருடும் ட்ரோஜன் வந்திருந்தாலும் ஃபார்மட்தான். ஒரு நாள் முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு 'இன்னும் ஏதாவது இருக்குமோ' என்று சந்தேகத்தோடு பெரியவர்களை வங்கித் தளத்தில் உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

விண்டோஸ் பழையது என்றால் சுத்தம் செய்வதில் அர்த்தமே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்குப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. குரோமும் விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. பூட்டு உடைந்த கதவை வைத்துக்கொண்டு வீட்டைப் பெருக்குவது போலத்தான் அது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளிவந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

போன மாதம்தான் கடையில் ஃபார்மட் செய்தோம். அதற்குள் திரும்ப வந்துவிட்டதே?

இதற்குக் காரணம் பெரும்பாலும் டி டிரைவ். 'ஓஎஸ் போட்டுத் தருகிறேன்' என்று சொல்லும் இடங்களில் சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸ் போடுவார்கள். வாடிக்கையாளரின் ஃபைல்கள் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். ஆனால் டி-யில் இருக்கும் பழைய செட்டப் ஃபைல்களில் வைரஸ் உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் அதில் ஒன்றை ஓட்டினால் கதை மறுபடியும் தொடங்கும்.

இரண்டாவது காரணம் திருட்டு விண்டோஸ். அதை இயக்க வைக்கும் 'ஆக்டிவேட்டர்' ஓட வேண்டும் என்றால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அப்படி அணைத்த நிமிஷத்தில் எது உள்ளே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உரிமம் வாங்கக் காசு இல்லை என்றால் லினக்ஸ் போடுங்கள், அது இலவசம், நேர்மையாகவும் கிடைக்கிறது.

சரியான முறை: காப்பி எடுத்த பிறகு, விண்டோஸ் நிறுவும்போது வரும் திரையில் எல்லாப் பிரிவுகளையும் நீக்கிவிட்டுக் காலி டிஸ்க்கில் நிறுவுவது. காப்பி எடுத்ததைத் திறந்து பார்த்து உறுதி செய்யாமல் இந்தப் படிக்குப் போகாதீர்கள். ஃபோல்டர் பெயர் தெரிந்தால் போதாது. நாலு படம், நாலு ஆவணத்தைத் திறந்து பாருங்கள்.

இந்தப் பழைய பெட்டியில் எந்த ஓஎஸ் ஓடும்?

விண்டோஸ் 11 ஓடாது. அதற்கு 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதுவும் தற்காலிகம்தான்.

நான் பெரியப்பாவுக்குப் போட்டது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராமில் ஓடும், 4 இருந்தால் நன்றாக ஓடும். கூடவே ராமை 4 ஜிபி ஆக்கி, பழைய டிஸ்க்குக்குப் பதில், சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைச் சின்னதாகப் போட்டேன். எதில் காசு செலவழிக்கலாம் என்று கேட்டால் முதலில் எஸ்எஸ்டிதான். கம்ப்யூட்டர் எழும்ப ஐந்து நிமிஷம் ஆனது அரை நிமிஷமாகிவிட்டது. தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. பெரியப்பாவுக்குப் பழக இரண்டு வாரம் பிடித்தது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், படங்கள் என்று மூன்று ஐகான்களை மட்டும் திரையில் வைத்துக் கொடுத்தேன்.

அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகின்றன. அவற்றில் எஸ்எஸ்டி மாற்றி இதே மாதிரி எழுப்பலாம். ஆனால் டேலி, வருமான வரிக் கையெழுத்து டோக்கன் என்று விண்டோஸையே நம்பியிருக்கும் வேலை என்றால் லினக்ஸ் சரிப்படாது. புதுப்பித்து விற்கப்படும் எட்டாம் தலைமுறை அலுவலக டெஸ்க்டாப் ஒன்றை வாங்குவதே மேல்.

ஃபைல் எதுவும் திறக்கவில்லை. பெயருக்குப் பின்னால் ஏதோ ஒட்டியிருக்கிறது, டாலரில் பணம் கேட்கிறது.

இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டி வைத்துவிட்டுத் திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் வைரஸ். உடனே கம்ப்யூட்டரை அணைத்து, எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதிகம் பார்ப்பது ஸ்டாப் அல்லது டிஜாவு என்று அழைக்கப்படும் குடும்பம். கிராக் செய்த மென்பொருள் வழியாகத்தான் வரும். 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 என்று ஆசை காட்டும். இதன் சில வகைகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. தாக்கும்போது நெட் இல்லாமல் இருந்து, வைரஸ் தன்னிடமே வைத்திருந்த, பலருக்கும் ஒன்றேயான சாவியைப் பயன்படுத்தியிருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் ஒரு பூட்டிய ஃபைலை ஏற்றினால் எந்த வகை, சாவி இருக்கிறதா என்று சொல்லும்.

இன்று சாவி இல்லை என்றாலும் பூட்டிய ஃபைல்களை அழிக்காதீர்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வருஷங்கள் கழித்து சாவிகள் வெளிவந்ததும் உண்டு.

'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்' என்று போன் வந்தது. அவர்கள் சொன்னபடி வீட்டுப் பெரியவர்கள் ஏதோ இன்ஸ்டால் செய்துவிட்டார்களாம்.

மைக்ரோசாஃப்ட் யாரையும் தானாகக் கூப்பிடாது. திரை முழுக்க சைரன் சத்தத்தோடு ஒரு போன் நம்பர் வந்தாலும் அது வெறும் வெப் பக்கம்தான். எஸ்கேப்பைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஆல்ட்டும் எஃப்4-உம். அதற்கும் போகவில்லை என்றால் பவரை அணையுங்கள், ஒன்றும் ஆகாது.

தூர இணைப்பு மென்பொருளைப் போட்டு உள்ளே விட்டுவிட்டார்கள் என்றால் நெட்டை உடனே துண்டியுங்கள். பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அடுத்து வங்கியை. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். 'கொஞ்சம் யோசித்துச் சொல்லலாம்' என்று மறுநாள் வரை தள்ளாதீர்கள். வெட்கத்தில்தான் பலர் தள்ளுகிறார்கள்.

பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டுமா?

ஆம், எல்லாவற்றையும். வைரஸ் இருந்த கம்ப்யூட்டரில் அல்ல, சுத்தமான போனிலிருந்து. முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மீட்கும் சாவி அது. அடுத்து வங்கி, பிறகு மற்றவை. கூடவே 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கு அடையாளமாக பிரவுசர் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டையே திருடிச் செல்லும் வைரஸ்கள் இருக்கின்றன. அவற்றுக்கு பாஸ்வேர்டும் ஓடிபியும் தேவையில்லை.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். தூரத்தில் இருந்தே சரிசெய்யலாமா?

சின்னச் சின்ன அமைப்புகளை மாற்றலாம். நிஜமான வைரஸுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். விண்டோஸை எழுப்பாமல் செய்ய வேண்டிய வேலையைத் தூர இணைப்பில் செய்ய முடியாது. ஊரில் நம்பிக்கையான ஒரு பிள்ளையிடம் வீடியோ அழைப்பில் சொல்லிச் சொல்லிச் செய்யலாம். இன்னொரு கவலையும் உண்டு. 'திரையில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்' என்று நாமே அவர்களைப் பழக்கிவிட்டால், நாளைக்கு ஏமாற்றுக்காரன் கேட்கும்போதும் சொல்லிவிடுவார்கள். அப்படிச் செய்வதாக இருந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முந்தைய நாளே பேசிவிட்டு, என் குரலைக் கேட்ட பிறகுதான் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்த மென்பொருளை நீக்கிவிடுங்கள்.

யார் இதைச் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

கண்டுபிடிக்க வேண்டாம் என்பேன். பெரியம்மா என்னிடம் தனியாக வந்து, "நான்தான் ஏதோ அழுத்திட்டேன் போல, அவர்கிட்ட சொல்லாதே" என்றார். ஒரு மாதமாக அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார். உண்மையில் அந்த வைரஸ் அவர் கம்ப்யூட்டர் பக்கம் போவதற்கு வெகு நாள் முன்பே உள்ளே வந்தது. ஃபைல்களின் தேதியிலேயே தெரிந்தது. அதைக் காட்டிச் சொன்னதும் நிம்மதியாக மூச்சு விட்டார். யார் மேல் தவறு என்று தேடும் வீட்டில் அடுத்த முறை ஏதாவது நடந்தால் மறைப்பார்கள். மறைத்த ஒவ்வொரு நாளும் திருடனுக்கு லாபம்.

மறுபடி வராமல் இருக்க என்ன செய்து வைத்தீர்கள்?

பெரியப்பாவின் தினசரிக் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் உள்ள கணக்கின் பாஸ்வேர்டு பீரோவில் ஒரு நோட்டில் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டதால் 'டவுன்லோடு' என்று பச்சை நிறத்தில் மின்னும் போலிப் பொத்தான்கள் வருவதில்லை. அறிவிப்பு கேட்கும் அனுமதியை பிரவுசரிலேயே மொத்தமாக அடைத்துவிட்டேன். சிஆர்2032 பேட்டரியையும் மாற்றியாயிற்று.

காப்பிக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டி, காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிடுவார். எப்போதும் மாட்டியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். குடும்ப வரலாற்றின் ஒரு பிரதி என்னிடமும் ஒன்று சென்னையில் தங்கையிடமும் இருக்கிறது. போன மாதம் புதிதாக இருபது பக்கம் அனுப்பினார், தாத்தா மலேயாவுக்குக் கப்பல் ஏறிய கதை.